முற்றம் தேடி வந்த பள்ளி
(தாராபாய் மோடக் அம்மையாரின் வாழ்வும் பணியும்)

பெண்ணையாற்றங்கரையில் அமைந்த நம் திருவெண்ணெய்நல்லூரில் பிறந்து வளர்ந்தோர் யாவரும் சிறு வயதிலேயே கேட்டறிந்த கதை ஒன்று உண்டு. புத்தூரில் மணக்கோலத்தில் வீற்றிருந்த சுந்தரரை முதியவர் ஒருவர் வந்து தடுத்தார். சுந்தரருடைய பாட்டனார் தமக்கு வழிவழி அடிமையென்று எழுதிக் கொடுத்ததாக ஓலை ஒன்றைக் காட்டினார். இவ்வூர் அவையிலே வழக்காடி வென்றார் என்பது அக்கதை. அடியார்கள் அதனை இறைவன் தடுத்தாட்கொண்ட அருட்செயலாகப் போற்றுவர். அது அவர்தம் நம்பிக்கை. ஆயினும், நம் சமுதாயத்தில் பிறந்தவன் அக்கதையைக் கேட்கும்போது அவன் நெஞ்சில் வேறொரு நினைவும் எழாமல் இராது. சுந்தரருக்கு ஓலையைப் படிக்கத் தெரிந்திருந்தது. அவையில் எழுந்து மறுத்துரைக்கவும் தெரிந்திருந்தது. நம் பாட்டன்மாருக்கோ இவ்விரண்டும் மறுக்கப்பட்டிருந்தன. எழுதியிருப்பது இன்னதென அறியாமலே பெருவிரலை மையில் தோய்த்து வைத்த தலைமுறைகள் எத்தனையோ!

அந்த இழிநிலையை மாற்றவே நம் கல்விச் சங்கம் தோன்றியது. வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்று எண்ணி மகிழ்கிறோம். மகிழத் தக்கதே. ஆனால் முதல் வகுப்பிலேயே மக்கு என்று பெயர் சூட்டப்பட்டுப் பின்வரிசையில் அமர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போய்விட்ட பிள்ளைகளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அவர்கள் கல்லூரி வாயிலில் தோற்றவர்கள் அல்லர். ஆறு வயதுக்கு முன்பே தோற்கடிக்கப்பட்டவர்கள். அந்தத் தோல்வி குழந்தையின் தோல்வியன்று, குழந்தையின் வயதையும் வாழ்வையும் அறியாமல் பாடம் வகுத்த பெரியோரின் தோல்வி என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்து மெய்ப்பித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இம்மலரில் நம் இளைஞர்களுக்குக் கூற விழைகின்றேன்.

அவர் தமிழர் அல்லர், மராத்தியப் பெண்மணி. எனினும் அவர் நாட்டிய பயிர் நம் தெருவிலும் விளைந்திருக்கிறது. நம் தாய்மார் இன்றும் குழந்தைகள் மையத்தைப் பால்வாடி என்றே சொல்கின்றனர். அங்கே முன்னாளில் பால் கொடுத்ததால் அப்பெயர் வந்தது என்று கருதுவோரும் உளர். உண்மை அதுவன்று. பால் என்பது குழந்தையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். வாடி என்பது தோட்டம். குழந்தைத் தோட்டம் என்பதே அதன் பொருள். அந்தப் பால்வாடிக்கு உருக்கொடுத்து ஊர்தோறும் நடக்க வழிகாட்டியவர்தாம் தாராபாய் மோடக் அம்மையார்.

இளமை

தாராபாய் 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 19-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தையார் சதாசிவராவ் கேள்கர், பிரார்த்தனை சமாஜம் என்னும் சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்தவர். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவ்வியக்கத்தார் தம் வீட்டுப் பெண்களைத் துணிந்து படிக்க வைத்தனர். தாராபாய் 1914-ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமராவதியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரை மணந்தார், அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. 1921-ஆம் ஆண்டில் மணவிலக்குப் பெற்றுத் தனித்து வாழத் தொடங்கினார். அந்நாளில் ஒரு பெண் அவ்வாறு வாழ்வது எளிய செயலன்று. ஆயினும் அவர் ஒடுங்கிவிடவில்லை. ராஜ்கோட்டில் இருந்த பார்ட்டன் மகளிர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார்.

அந்தப் பதவியிலேயே இருந்து ஓய்வூதியம் பெற்றிருந்தால் அவர் பெயர் அக்கல்லூரிச் சுவரில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். அவரோ நல்ல ஊதியத்தைத் துறந்து, பவநகரில் சின்னஞ்சிறு குழந்தைகளோடு தரையில் அமர்ந்து பணிபுரியப் புறப்பட்டார்.

பவநகரில் கற்ற பாடம்

பவநகரில் கிஜுபாய் பதேக்கா என்னும் பெருமகனார் தட்சிணாமூர்த்தி நிலையத்தில் 1920-ஆம் ஆண்டு பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். வழக்கறிஞர் தொழிலை உதறிவிட்டுக் குழந்தைகளுக்கு ஆசிரியரானவர் அவர். பிரம்பும் மனப்பாடமுமே கல்வி என்றிருந்த காலத்தில், அச்சமின்றிக் குழந்தை கற்க வேண்டும், கதையும் பாட்டும் விளையாட்டும் கைவேலையுமே அதன் பாடம் என்று செய்து காட்டியவர். தாராபாய் அவருக்குத் துணை நின்றார். இருவரும் சேர்ந்து 1926-ஆம் ஆண்டு நூதன பால சிட்சண சங்கத்தை நிறுவினர். குழந்தைக் கல்விக்கென இதழும் நடத்தினர்.

அவர்கள் இருவரும் வழிகாட்டியாகக் கொண்டது இத்தாலி நாட்டு மருத்துவ மேதை மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறை. இங்கே நம் இளைஞர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். மாண்டிசோரிப் பள்ளி என்றால் இன்று பணம் படைத்தோர் பிள்ளைகள் வண்டியில் சென்று இறங்கும் பள்ளியே நம் கண்முன் தோன்றுகிறது. ஆனால் அம்முறை பிறந்த இடம் அரண்மனையன்று. 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில், தாய் தந்தையர் கூலிக்குப் போன பின் கவனிப்பாரின்றித் திரிந்த குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டதே அம்முதற் பள்ளி. எதற்கும் உதவாதவை எனத் தள்ளப்பட்ட அக்குழந்தைகள், வயதுக்கேற்ற பொருள்களும் உரிமையும் கிடைத்தவுடன் உலகம் வியக்கக் கற்றன. ஏழைகளின் குடிலில் பிறந்த முறை ஏழைகளுக்கு எட்டாத விலையில் விற்கப்பட்டது பின்னாளைய கொடுமை.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. கர்னல் ஆல்காட் 1894-ஆம் ஆண்டிலேயே சென்னை அடையாற்றில் பஞ்சமர் என அந்நாளில் அழைக்கப்பட்ட நம் மக்களின் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். மாண்டிசோரி அம்மையாரும் 1939-ஆம் ஆண்டு அதே அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் சிற்றூர்களின் தெருவுக்கு அம்முறை வந்து சேரவில்லை. அதனைச் செய்தவர் தாராபாய்.

கிஜுபாய் 1939-ஆம் ஆண்டு மறைந்தார். அதற்கு முன்னரே பம்பாய்க்குத் திரும்பிவிட்ட தாராபாய், 1936-ஆம் ஆண்டு தாதர் பகுதியில் சிசு விகார் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கி வளர்த்து வந்தார். அங்கு வந்தவை நடுத்தரக் குடும்பத்துக் குழந்தைகள். பள்ளி புகழ் பெற்றது. ஆனால் நகரத்து நான்கு சுவர்களுக்குள் நடக்கும் இப்பணி நாட்டின் பெரும்பான்மைக் குழந்தைகளைத் தொடவில்லையே என்னும் ஏக்கம் அவரை வாட்டியது. 1945-ஆம் ஆண்டு சேவாகிராமத்தில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை ஏழு வயதுக்கு முந்திய பருவத்துக்கும் விரித்துரைத்தார். அக்காலச் சூழ்நிலை தாராபாயைச் சிற்றூரை நோக்கித் திருப்பிற்று.

கடற்கரைச் சிற்றூருக்கு

1945-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தாணா மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூராகிய போர்டியில் கிராமக் குழந்தைக் கல்வி நிலையத்தை அவர் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 53. பிறர் ஓய்வை எண்ணும் வயதில் அவர் புதுவாழ்வு தொடங்கினார். அவருடன் வந்து சேர்ந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணமுடித்து ஆறே திங்களில் கைம்பெண்ணான அவர், தளராது படித்து ஆசிரியையானவர். இவ்விரு பெண்களும் இறுதிவரை ஒன்றாகவே உழைத்தனர்.

அந்த வட்டாரம் எத்தகையது? அங்கே பெரும்பான்மையோர் வார்லி முதலிய பழங்குடி மக்கள். அவர்கள் திருமணத்துக்காக நிலக்காரரிடம் சிறு தொகை கடன் பெறுவர். கடன் தீரும்வரை மணமக்கள் இருவரும் அவருக்குப் பண்ணையாளாக உழைக்க வேண்டும். எழுத்தறியாத அவர்களுக்குக் கணக்கு ஒருநாளும் தீராது. வாழ்நாள் முழுதும் அடிமைத்தனம். மண அடிமைகள் என்றே அவர்களுக்குப் பெயர் வழங்கிற்று. மணப்பந்தலில் ஓலை காட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அது கதையாக அன்றி நாள்தோறும் நடந்த கொடுமையாக அங்கே இருந்தது என்பது நெஞ்சைத் தைக்கிறது. அதே 1945-ஆம் ஆண்டில்தான் வார்லி மக்கள் கோதாவரி பருலேகர் முதலியோர் தலைமையில் திரண்டு அக்கொத்தடிமையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அதே ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். ஒருவர் மரத்தின் உச்சிக் கிளைக்கு வழி செய்தார். மற்றொருவர் வேருக்கு நீர் வார்க்க முனைந்தார். இரண்டும் தேவையே.

முற்றத்துப் பள்ளி

தொடக்கத்தில் அம்மையார் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பள்ளியைத் திறந்தார், ஆனால் எந்தக் குழந்தைகளுக்காக வந்தாரோ அந்தக் குழந்தைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் ஆராய்ந்தார். பெற்றோர் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவர். குழந்தையைக் கொண்டுவந்து விட ஆளில்லை. மூத்த குழந்தையின் இடுப்பில் இளைய குழந்தை இருக்கும். உடுத்த நல்ல துணி இல்லாத கூச்சம் ஒரு பக்கம். மேல்சாதித் தெருவில் கால் வைக்கும் அச்சம் மறுபக்கம். இதனைக் கண்ட பிறர், இம்மக்களுக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பர். இன்றும் நம்மைப் பற்றி அவ்வாறு சொல்லக் கேட்கிறோம் அல்லவா? தாராபாய் அவ்வாறு சொல்லவில்லை. குழந்தை பள்ளிக்கு வர இயலவில்லையாயின் பள்ளி குழந்தையிடம் போக வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஊர் நடுவே நடக்கும் மையப் பால்வாடி ஒன்று. ஒடுக்கப்பட்டோரும் பழங்குடியினரும் வாழும் குடியிருப்புகளுக்கே சென்று, வீட்டு முற்றத்திலும் மர நிழலிலும் நடத்தும் பால்வாடி மற்றொன்று என இருவகை அமைத்தார். முற்றத்துக்கு அங்கே ஆங்கன் என்று பெயர். ஆதலின் இரண்டாவது வகை ஆங்கன்வாடி எனப் பெயர் பெற்றது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மைய அரசு 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தன் மையங்களுக்குச் சூட்டிக்கொண்டதும் இப்பெயரே. இன்று நாடு முழுவதும் வழங்கும் அங்கன்வாடி என்னும் சொல்லுக்குள், தீண்டாமையால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் வீட்டு முற்றம் இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

வயதுக்கேற்ற பாடம்

முற்றத்தில் அமர்ந்த பின் என்ன கற்பிப்பது? இதுவே அம்மையாரின் பணியில் தலையாயது.

மாண்டிசோரி முறைக்குரிய பொருள்கள் விலை மிக்கவை. அவற்றை வாங்கும் வகையும் இல்லை. வாங்கினாலும் அக்குழந்தைகளின் வாழ்வுக்கு அவை அந்நியமானவை. ஆகவே அவர் பொருளை விட்டுவிட்டுக் கருத்தை எடுத்துக்கொண்டார். கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை, பூ, களிமண், குச்சி ஆகியவை கற்பிக்கும் கருவிகளாயின. பெரிது சிறிது அறியவும், நிறம் பிரிக்கவும், வரிசைப்படுத்தவும், எண்ணவும் இவை போதாவா? பழங்குடி மக்களின் பாட்டும் ஆட்டமும் பள்ளிக்குள் இடம் பெற்றன. குழந்தையை நீராட்டுதல், தலைவாருதல், நகம் வெட்டுதல் ஆகியனவும் பாடத்தின் பகுதிகளே ஆயின. இவை இழிவைச் சுட்டும் அறிவுரைகளாக அல்லாமல், ஆசிரியை தம் கையாலேயே அன்புடன் செய்யும் செயல்களாக இருந்தன. தொட்டால் தீட்டு என்று பிறர் ஒதுங்கிய குழந்தையின் தலையை ஓர் ஆசிரியை மடியில் வைத்து வாரிவிடுவது, எந்த நூலும் கற்பிக்க இயலாத பாடம் அன்றோ!

பாடத்திட்டம் என்றவுடன் நாம் புத்தகத்தையும் தேர்வையும் எண்ணுகிறோம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாடத்திட்டம் என்பது அதன் வளர்ச்சியின் வரிசையை அறிந்து நாளை வகுப்பதே ஆகும். மூன்று வயதுக் குழந்தையால் நெடுநேரம் ஓரிடத்தில் அமர இயலாது. அதன் விரல் தசைகள் எழுதுகோலைப் பிடிக்கப் பக்குவப்பட்டிரா. அதனைப் பிடித்து வைத்து எழுத்தை நூறு முறை எழுதச் சொன்னால், கையும் நோகும். கல்வி மீதே வெறுப்பும் வளரும். அதே குழந்தை களிமண் பிசையட்டும், விதை கோக்கட்டும், மணலில் விரலால் கோடு இழைக்கட்டும். ஐந்தாம் ஆண்டில் எழுத்து அதன் கைக்குத் தானே வசப்படும்.

மொழியும் அவ்வாறே. எழுத்தின் வடிவத்துக்கு முன் ஓசை வர வேண்டும். ஓசைக்கு முன் பேச்சு வர வேண்டும். தன் வீட்டு மொழியில் அச்சமின்றி நாலு சொற்றொடர் பேசிக் கதை சொல்லப் பழகிய குழந்தைக்குப் படிப்பு எளிது. ஐந்து என்று வாயால் ஒப்பிப்பது எண்ணறிவு ஆகாது. ஐந்து புளியங்கொட்டையை எண்ணி எடுத்து, ஒன்றை நீக்கினால் எத்தனை என்று கையால் கண்டறிவதே எண்ணறிவு. கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறிந்த பிறகே கருத்து நிலைபெறும். இவ்வரிசையைக் கிஜுபாயும் தாராபாயும் குழந்தைகளை நாள்தோறும் உற்று நோக்கிக் கண்டனர். குழந்தை மன வளர்ச்சியைப் பின்னாளில் ஆராய்ந்த ஜீன் பியாஜே முதலிய அறிஞர்களும், குழந்தை பொருள்களோடு உறவாடியே அறிவைக் கட்டியெழுப்புகிறது என்று நிறுவினர்.

ஒரே வயதுக் குழந்தைகளும் ஒரே அளவில் வளர்வதில்லை என்பதையும் இம்முறை ஏற்றுக்கொண்டது. ஒரு குழந்தை முன்னே பேசும். மற்றொன்று முன்னே ஓடும். முந்தியதைப் பாராட்டவும் பிந்தியதைப் பழிக்கவும் அங்கே இடமில்லை. ஆசிரியை ஒவ்வொரு குழந்தையும் இன்று எங்கே நிற்கிறது என்று கண்டு, அடுத்த ஒரு படியை மட்டும் அதன்முன் வைக்க வேண்டும். பத்துப் படிகளுக்கு அப்பால் உள்ளதைக் காட்டி அச்சுறுத்தலாகாது.

மேய்ச்சல் வெளியிலும் தொட்டிலிலும்

1957-ஆம் ஆண்டு, தமது 65-ஆம் வயதில், அம்மையார் போர்டிக்கு அருகிலுள்ள கோஸ்பாடு என்னும் குன்றுப் பகுதிக்குப் பணியிடத்தை மாற்றிக்கொண்டார். இன்று பால்கர் மாவட்டத்தில் உள்ள அவ்விடம் முழுவதும் பழங்குடி மக்கள் வாழும் பகுதி. அங்கே அவர் மேலும் இரு தடைகளைக் கண்டார்.

முதலாவது, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பால் சிறுமியர் பள்ளிக்கு வர இயலவில்லை. அதற்கு அவர் கண்ட வழி எளியது, ஆழமானது. கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் அறை, அதற்கு மூத்தவற்றுக்குப் பால்வாடி, அதற்கும் மூத்தவர்களுக்குத் தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தார். அதற்கு விகாஸ்வாடி என்று பெயர். அக்காள் தன் தம்பியைத் தொட்டிலில் விட்டுத் தன் வகுப்புக்குப் போகலாம். இடையே வந்தும் பார்க்கலாம். பெண் குழந்தையின் கல்வியைத் தடுப்பது பெற்றோரின் மனம் மட்டுமன்று, இடுப்பில் இருக்கும் குழந்தையும்தான் என்று கண்டு செய்த ஏற்பாடு இது.

இரண்டாவது, மாடு மேய்க்கும் சிறுவர்கள். மாட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வா என்றால் அவன் வீட்டு அடுப்பு எரியாது. ஆகவே ஆசிரியர் பொருள்களைப் பையில் இட்டுக்கொண்டு மேய்ச்சல் வெளிக்கே சென்றார். புல்வெளிப் பள்ளி எனப்பட்ட அதில் வானமும் பறவையும் புல்லும் பூச்சியும் பாடங்களாயின. வாழ்வை நிறுத்திவிட்டுக் கல்வி கற்கச் சொல்லாமல், வாழ்வின் நடுவிலேயே கல்வியைக் கொண்டுபோய் வைத்தார் அம்மையார்.

இவற்றோடு உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து அவர்களையே ஆசிரியைகள் ஆக்கினார். அரசு 1962-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. 1973-ஆம் ஆண்டில், தமது 81-ஆம் வயதில் அவர் மறைந்தார். தாம் கண்ட ஆங்கன்வாடியின் பெயர் நாடு முழுவதும் பரவியதைக் காண அவர் இருக்கவில்லை. அவர் விட்ட பணியை அனுதாய் வாக் 1992-ஆம் ஆண்டு தாம் மறையும் வரை தொடர்ந்து நடத்தினார்.

நாம் சிந்திக்க வேண்டியவை

அம்மையாரின் வரலாற்றைப் படித்துப் போற்றிவிட்டு மலரை மூடிவைத்தால் பயனில்லை. நம் தெருவை நோக்கிச் சில வினாக்களை எழுப்பியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தால் குழந்தைகள் மையங்கள் சிற்றூர்தோறும் பெருகின. பசித்த வயிற்றுக்கு உணவு கிடைத்தது, அது பெரும்பேறு. ஆனால் அங்கே சோறு மட்டும்தான் உண்டு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உண்ட பின் குழந்தை என்ன செய்கிறது என்று எத்தனை தந்தையர் கேட்கின்றனர்? தமிழக மையங்களுக்கென்றே ஆடிப் பாடி விளையாடு பாப்பா என்னும் பெயரில் வயதுக்கேற்ற பாடத்திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. அது நம் மையத்தில் நடக்கிறதா என்று கேட்பது நம் உரிமை. பொறுப்பாளரைக் குறை சொல்லிச் சண்டையிடுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பதிவேடுகள் எழுதவும் கணக்குக் காட்டவுமே நாள் முழுதும் செலவாகும் அந்தப் பெண்மணிக்கு, படித்த இளைஞர் ஒருவர் நாளைக்கு ஒரு மணி நேரம் கதை சொல்லவும் பாடவும் துணை நின்றால் அதுவே பெருந்தொண்டு.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடையே பரவி வருகிறது. நாற்று நட்டுச் சேர்த்த கூலியைக் கொண்டுபோய் ஆங்கிலப் பாலர் பள்ளியில் கட்டி, மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் பெற்று வருகிறோம். குழந்தை அழுதுகொண்டே எழுதுவதைக் கண்டு, நன்றாகப் படிக்கிறான் என்று பூரிக்கிறோம். நம் குழந்தைகளுக்கு உயர்ந்த கல்வி வேண்டும் என்னும் வேட்கை தவறன்று. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டவர்களின் வேட்கை அது. ஆனால் விளையாட்டை விட்டவன் முந்துவான் என்பது மட்டும் பொய்க்கணக்கு. அடித்தளம் ஆறாமல் எழுப்பும் சுவர் எத்தனை நாள் நிற்கும்?

மற்றொன்றையும் மனந்திறந்து சொல்ல வேண்டும். நம் குடியிருப்பில் மையம் இருந்தால் பிற தெருவார் தம் குழந்தைகளை அனுப்பத் தயங்குவதும், அவர்கள் தெருவில் இருந்தால் நம் குழந்தைகள் ஓரமாக உட்கார நேர்வதும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. முற்றம் தேடிப் பள்ளி வந்தது நம்மை முற்றத்திலேயே நிறுத்தி வைப்பதற்கன்று. குழந்தை அச்சம் நீங்கி, தலைநிமிர்ந்து, பொதுப் பள்ளியின் முதல் வரிசையில் சென்று அமர்வதற்கான முதற்படி அது. தனியிடம் ஒதுக்கலாக மாறுமாயின், அதனை எதிர்த்துக் கேட்கவும் நாம் தயங்கலாகாது.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்வோம். 2002-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 86-ஆம் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் கல்வியோ 45-ஆம் உறுப்பில் அரசுக்குரிய வழிகாட்டு நெறியாக மட்டுமே வைக்கப்பட்டுள்ளது. நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறத்தக்க உரிமையாக அது அமையவில்லை. மனிதனின் அறிவும் மொழியும் விரைந்து வளரும் பருவம் இவ்வாறு உரிமைப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. ஆகவே அப்பருவத்தைக் காக்கும் பொறுப்பு, விழிப்புற்ற சமுதாயத்தின் தோளில் கூடுதலாக விழுகிறது.

சங்கத்தின் அடுத்த கால் நூற்றாண்டு

சமுதாய இளைஞர்களே! கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் துணை நின்றது. அப்பணி தொடர வேண்டும். அதனோடு, அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கான முதற்பணியாகத் தெருவின் மிகச் சிறிய பிள்ளைகளை நாம் மேற்கொள்வோம்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வேப்ப மரத்து நிழலும், பெருக்கிய முற்றமும், நம் பாட்டிமார் அறிந்த கதைகளும், நடவுப் பாட்டும் தாலாட்டும் நம்மிடம் உண்டு. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை உண்டு. பெண்ணையாற்று மணல் உண்டு. பின்னிப் பழகப் பனையோலை உண்டு. வேண்டுவதெல்லாம் பொறுமையுள்ள இரண்டு படித்த பெண்களும், குழந்தையின் வயதறிந்து நாளை வகுக்கும் சிறு பயிற்சியுமே. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தாய்மார் விடியலிலேயே வயலுக்குச் செல்வதால், அந்நாட்களில் நேரத்தை முன்தள்ளி வைக்கலாம். இவ்வாறு ஊரின் வாழ்வோடு பொருந்த வகுப்பதே நல்ல பாடத்திட்டம்.

ஓலையைப் படிக்க இயலாத பாட்டனின் பேரப்பிள்ளைகள் நாம். நம் பிள்ளைகள் ஓலையைப் படிக்கவும், அவையில் எழுந்து மறுக்கவும், புதியதோர் ஏட்டைத் தாமே எழுதவும் வல்லவர்களாக வேண்டும். அந்த ஏட்டின் முதல் வரி பல்கலைக்கழகத்தில் எழுதப்படுவதன்று. நம் வீட்டு முற்றத்து மணலில், ஒரு சின்னஞ்சிறு விரலால், அச்சமின்றி எழுதப்படுவது. அந்த விரலை அடிக்காமலும் அவசரப்படுத்தாமலும் பற்றி நடத்துவதே, தாராபாய் மோடக் அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்; நம் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமையும் ஆகும்.